ராத்திரி பத்து மணி அடிதடிக்கு மனு எழுதுவது எப்படி

டாஸ்மாக் ராத்திரி 10 மணிக்கு மூடும். தஞ்சாவூரோ கும்பகோணமோ மயிலாடுதுறையோ, நம்ம பக்கம் ராத்திரி நடமாட்டம் என்றால் பஸ் ஸ்டாண்டு, பரோட்டா கடை, பக்கத்துச் சந்தில் பார், அவ்வளவுதான். மூடும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே வேளையில் தெருவுக்கு வந்து, அதில் பாதி பரோட்டாக் கல்லைச் சுற்றி நின்று, யார் பார்சல் முதலில் என்று ஆரம்பிக்கிற பேச்சு பாட்டில் உடைவதில் போய் நிற்கும். இதற்கு 'போலீஸ் பாதுகாப்பு வேண்டும்' என்று ஒற்றை வரி மனு கொடுத்தால், 'ரோந்து நடைபெற்று வருகிறது' என்று ஒற்றை வரியில் பதில் வரும்.

ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்பது பொய்யில்லை. கோர்ட் டூட்டி, சம்மன், விஐபி வருகை, தேர், கும்பாபிஷேகம், சதய விழா பந்தோபஸ்து எல்லாம் போக ராத்திரிக்கு மிஞ்சுவது கொஞ்சம் பேர்தான். அதனால் கூடுதல் ஆள் கேட்காதீர்கள், அது சென்னையில் முடிவாகிற விஷயம். இருக்கிற ரெண்டு பேரை 9.45 முதல் 11.15 வரை இந்த முனையில் நிறுத்துங்கள் என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்கக் கணக்கு வேண்டும். ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, எந்தக் கடை வாசல், என்ன நடந்தது, 100 அல்லது 112-க்குக் கூப்பிட்டது எத்தனை மணிக்கு, வண்டி வந்தது எத்தனை மணிக்கு. கடைசி இரண்டும்தான் உயிர். யாரும் கூப்பிடாத சண்டை போலீஸ் கணக்கில் நடக்கவே இல்லை. பூக்கடை அக்காவையும் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும். வீடியோ எடுக்கிறேன் என்று கிட்டே மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்று, பட்டா புத்தகம். பீட் போலீஸ் வந்துபோனதற்குக் கையெழுத்துப் போடுகிற நோட்டு நகைக்கடை, ஏடிஎம் பக்கம் தொங்கும், பார் சந்தில் தேடினாலும் கிடைக்காது. அங்கே ஒன்று வைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத கோரிக்கை, மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

மனுவை ஸ்டேஷனில் கொடுத்து, அதைப் பதிந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் நகராதீர்கள். ஒரு நகல் எஸ்.பி. அலுவலகத்துக்கு. தஞ்சாவூரும் கும்பகோணமும் மாநகராட்சி ஆனாலும் அங்கே போலீஸ் கமிஷனர் கிடையாது. யாருக்காவது அடிபட்டிருந்தால் அது மனு இல்லை, புகார்; எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஸ்டேஷனில் அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். டாஸ்மாக் கடையையே மாற்றக் கேட்பதென்றால் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டம். கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் கடை இருக்கக் கூடாது என்பது 2003 விதி. வணிகப் பகுதியென்று வகைப்படுத்திய இடத்துக்கு இது பொருந்தாது, அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

போலீஸ் நிற்க ஆரம்பித்த பிறகும் நோட்டை மூடாதீர்கள். சண்டை அடுத்த தெருவுக்கு நகர்ந்திருந்தால் அடுத்த மனுவில் அந்தத் தெருவின் பெயரைப் போட வேண்டியிருக்கும்.