சிதறால் மலைக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? முடிவு எடுக்கும்போது பலரும் பண்ற தப்புகள்

பழைய சமணக் குகைக்கோயில் இருக்குற சிதறால் மலைக்கு ஒரு நாள் ஒதுக்குனா வொர்த்தான்னு கேக்குறவங்கள்ல நிறைய பேர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்கதான். மார்த்தாண்டத்துல இருந்து 7 கிலோமீட்டர் போலதான் வரும், ஆனா "அங்க என்ன இருக்கு, ஒரு பாறையும் நாலு சிலையும்தானே"ன்னு யாராவது சொன்னத கேட்டுட்டு போகாமலே விட்டிருப்பாங்க, இல்லன்னா போய் இருபது நிமிஷத்துல போட்டோ எடுத்துட்டு எறங்கிருப்பாங்க. என்னைக் கேட்டா கட்டாயம் போகணும். ஆனா போற விதம் தப்பாப் போச்சுன்னா அந்த "நாலு சிலை" பேச்சுதான் சரின்னு தோணிரும்.

எல்லாத்துலயும் பெரிய தப்பு, சைஸ வச்சு முடிவு பண்றது. சுசீந்திரம் கோபுரம் 134 அடி, அத பாத்துப் பழகின கண்ணோட இங்க வந்தா ஏமாந்துதான் போவீங்க. சிதறால்ல இருக்குறது ஒரு பெரிய பாறை, அது முன்னால நீட்டிக்கிட்டு நிக்குது, அதுக்கு அடியிலதான் கோயிலே. ரெண்டு பாறைக்கு நடுவுல இருக்குற இடுக்கு வழியா பைய நுழைஞ்சு எறங்குனா பாறை முகத்துல வரிசையா தீர்த்தங்கரர்கள், அதாவது சமணத்தோட பெரிய குருமார்கள், உக்காந்திருப்பாங்க, ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் முக்குடை (மூணு அடுக்குக் குடை), நாகம் படமெடுத்து குடை பிடிச்சா அது பார்சுவநாதர், பக்கத்துல சிங்கமும் பிள்ளைங்களுமா நிக்குறது அம்பிகைங்கற சமணப் பெண் தெய்வம். எதுவும் ஆள் உயரம்கூட கிடையாது, தூர நின்னு பாத்தா ஒண்ணும் பிடிபடாது. பக்கத்துல போய் (தொடாம) ஒவ்வொண்ணையும் நின்னு பாக்கணும், வெயில் சாய்வா விழுற நேரத்துல செதுக்குன கோடெல்லாம் எழும்பித் தெரியும்.

கதை தெரியாம போறது அடுத்த தப்பு. இதுக்கு முன்ன திருச்சாரணத்துமலைன்னு பேரு, 9ஆம் நூற்றாண்டுலயே இங்க சமணத் துறவிகள் இருந்திருக்காங்க. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனோட 28ஆவது ஆட்சியாண்டுல குணந்தாங்கி குரத்திகள்ங்கற சமணப் பெண் துறவி, அரிட்டநேமி படாரரோட மாணாக்கி, இந்த மலையில இருந்த பட்டாரியாருக்கு (கோயில் தெய்வத்துக்கு) பொன் அணி குடுத்தத வட்டெழுத்துங்கற பழைய எழுத்துல வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு பொம்பள, அதுவும் துறவி, அவங்க பேரு அவங்க குருவோட பேரு ரெண்டும் கல்லுல நிக்குது, இத தெரிஞ்சுட்டு அந்தப் பாறை முன்னால நின்னா சும்மா நின்ன மாதிரி இருக்காது. 13ஆம் நூற்றாண்டுல இது பகவதி கோயிலா மாறிருச்சு, ஆனா சமணச் சிற்பங்கள யாரும் உடைச்சு எறியல, அம்மனும் தீர்த்தங்கரர்களும் ஒரே பாறைக்கு அடியில இருக்காங்க. "இது சமணக் கோயிலா அம்மன் கோயிலா"ன்னு சண்டை போடுறவங்களுக்கு பதில் அந்தப் பாறையிலயே இருக்கு.

அப்புறம் லிஸ்ட் போடுறது. காலையில கன்னியாகுமரி சூரிய உதயம், போட் கியூ, விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, நடுவுல சிதறால், திரும்ப சன்செட்டுக்கு கன்னியாகுமரின்னு பிளான் போட்டு வருவாங்க. கன்னியாகுமரி ஒரு மூலை, சிதறால் மேக்க கேரளா பார்டர் பக்கம், நாள் முழுக்க வண்டியிலயேதான் போகும், மார்த்தாண்டம் டிராபிக்க பத்தி நான் சொல்லணுமா. சிதறாலோட திற்பரப்பு இல்லன்னா மாத்தூர் தொட்டிப்பாலம், ஏதாவது ஒண்ண மட்டும் சேருங்க, போதும்.

நேரம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஏறாதீங்க, தயவுசெஞ்சு. கீழ இருந்து கல்லு பாவின பாதை இருக்கு, பாதியில மர நிழல் கிடைக்கும், மேல போனா மொட்டைப் பாறை, சூடு கால்ல ஏறும். மேல கடை எதுவும் எதிர்பாக்காதீங்க, தண்ணி கீழயே வாங்கிக்கணும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்லயும் பெய்யும் ஐப்பசியிலயும் பெய்யும், நனைஞ்ச பாறை பயங்கரமா வழுக்கும், இடி இடிக்க ஆரம்பிச்சா வியூ பாக்க மேல நிக்காம உடனே எறங்கிருங்க. மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சுப் போனா சுத்தி ரப்பர் தோட்டமும் தென்னையும் கீழ ஆறும் பச்சையா தெரியும், அந்த நேரத்த விடாதீங்க.

யார கூட்டிட்டுப் போறோம்னு யோசிக்காததும் தப்புதான். "சின்ன ஏத்தம்தான் அத்தை, வாங்க"ன்னு மூட்டு வலிக்காரங்கள இழுத்துட்டு வந்து பாதி வழியில கல்லுல உக்கார வைக்குறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். அவங்களுக்கு பத்மநாபபுரம் அரண்மனை கொஞ்சம் தேவலை, ஆனா அங்கயும் செங்குத்தா குறுகலான மரப்படி உண்டு, செருப்பையும் வெளிய விடணும், கீழ்த்தளத்த மட்டும் நிதானமா காட்டுங்க, அங்க தாய்க்கொட்டாரம்ங்கற பகுதியில பலா மரத்துல செதுக்குன தூண் ஒண்ணு போதும் அரை மணி நேரம் நிக்க. சின்னப் பிள்ளைங்க சிதறால ஓடியே ஏறிருவாங்க, பாறை விளிம்புல மட்டும் கைய விடாதீங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், பேரு கிறுக்காதீங்க. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குற இடம், அப்படியும் வழியில உள்ள பாறையில எல்லாம் ஆர்ட்டின் போட்டு வச்சிருக்காங்க, பாத்தா வயிறு எரியுது. கூட வாற பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வையுங்க.

எப்படிப் போகணும்னா, காலையில எட்டு எட்டரைக்கு மார்த்தாண்டத்துல இருக்குற மாதிரி கிளம்புங்க, டிரெயின்னா குழித்துறை ஸ்டேஷன்ல எறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மேல ரெண்டு மணி நேரமாவது இருங்க, பக்கத்துல பாறைக்குளம் ஒண்ணு இருக்கு அதையும் பாருங்க. மத்தியானம் மார்த்தாண்டத்துல சாப்பாடு, சாயங்காலம் மாத்தூர். அரண்மனையும் அதே நாள் வேணும்னு அடம் பிடிச்சா திங்கக்கிழமை போகாதீங்க, அன்னைக்கு அரண்மனை லீவு, அது தக்கலை பக்கம் இருந்தாலும் கேரள அரசு கையில இருக்குறதால அங்குள்ள லீவு நாளையும் பாத்துக்கணும்.