உட்கார்ந்து பார்க்கும் வேலை தேடுவோர் செய்யும் தவறுகள்

ஜவுளிக் கடையில் ஒன்பது ஆண்டுகள் நின்றபடியே புடவை விரித்துக் காட்டியவன் நான். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வருவதற்கு முன்பே என் இடுப்பு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) விலகிவிட்டது. இப்போது நான்கு கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்குப் பார்க்கிறேன். உடம்புக்கு முடியாமல் நாற்காலி வேலை தேடி என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள், நான் அன்று செய்த தவறுகளையே அப்படியே செய்கிறார்கள். முன்பணம் கேட்கும் டேட்டா என்ட்ரி விளம்பரங்களைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

பதவியின் பெயரை நம்பிச் சேர்வது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும் தவறு இதுதான். ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் ‘கணக்கு உதவியாளர்’ என்றார்கள். மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் கண்ணில் பட்டதும், சம்பளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மறுநாளே சேர்ந்துவிட்டேன். காலையில் வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதும், மதியம் சரக்கு லாரி வந்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைகளை எண்ணுவதும், மாதக் கடைசியில் கிடங்கின் இரும்பு ஏணியில் ஏறி ஆணிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி இருப்புச் சரிபார்ப்பதும் அந்த உதவியாளரின் வேலை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது மாத இருப்பெடுப்பில் ஏணியின் நான்காவது படியிலேயே இடது கால் மரத்துப்போனது. அதன்பின் ஆறு வாரம் படுக்கை. மிச்சம் வைத்திருந்த பணமெல்லாம் மருத்துவத்துக்குப் போயிற்று.

சின்னக் கடைகளில் கணக்கர் என்பவர் ஆள் வராத நாளில் எல்லா வேலையும் பார்ப்பவர். ஆகவே வங்கிக்கு யார் போகிறார், இருப்பெடுப்பது யார், கோப்புகள் எந்த மாடியில் இருக்கின்றன, கழிப்பறைக்கு எத்தனை படி என்று நேர்காணலிலேயே கேளுங்கள். முதலாளியின் பதிலைவிட, அந்த இடத்தை விட்டுப் போகிறவரின் பதில் நம்பத்தக்கது. இவ்வளவும் சொல்லி அனுப்பிய பிறகும், சம்பளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறவர்களை என்ன சொல்வது?

குரூப் 4 என்றாலே நாற்காலி என்று நினைப்பது

இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்கும் கிராம நிர்வாக அலுவலர் பணிக்கும் 2018 முதல் குரூப் 4 என்ற ஒரே அரசுப் பணித் தேர்வுதான். கிராம நிர்வாக அலுவலர் வயல் வரப்பில் நடந்து பயிராய்வு செய்ய வேண்டியவர் என்பதைக் கலந்தாய்வில் பதவியைத் தேர்ந்தெடுக்கும்போது மறந்துவிடக் கூடாது. தட்டச்சர் பணி வேண்டுமானால் தட்டச்சுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு இளநிலைக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல்.

மாதத்தின் எல்லா நாளும் ஒன்று என்று எண்ணுவது

மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைகளில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு நாள்கள். அவற்றுக்கு முந்தைய இரவுகளில் எழுந்து நிற்கக்கூட நேரம் இராது; வட்டு விலகியவருக்கு அசையாமல் உட்கார்ந்திருப்பதும் பாரமே.

குறைபாட்டை மறைப்பது

40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனச் சான்றிதழ் இருந்தால் அரசுப் பணியில் 4 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. வாங்கிய சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

பேருந்தைக் கணக்கில் சேர்க்காதது

போக வர மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பயணம் என்றால் அது நின்று பார்க்கும் வேலைதான்.