வெளிநாட்டு ஒப்பந்தங்களையும் வளாக வளர்ச்சியையும் ஒரே திட்டத்தில் கொண்டுவருவது எப்படி? அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டு நிறுவனங்களுடன் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் ஓர் அலுவலகத்தின் கோப்புகளிலும், விடுதி, ஆய்வகம், நூலகக் கட்டடம் பற்றிய திட்டங்கள் எஸ்டேட் பிரிவின் கோப்புகளிலும் தனித்தனியே கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் துணைவேந்தர் ஒருவர்தான். அவருடைய பதவிக்காலமோ மூன்று ஆண்டுகள். புதியவர் வருவதற்குள் இடைவெளி விழுவதும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியான பிறகு, ஒருங்கிணைப்புக் குழுவே நிர்வாகத்தை நடத்த வேண்டியிருந்தது. ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பித் தொடங்கிய வெளிநாட்டு உறவுகள் இத்தகைய காலங்களில்தான் அறுந்துபோகின்றன. ஆகவே திட்டத்தைக் குழுக்களின் தீர்மானங்களில் நிலைநிறுத்துவதும், ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அதற்குத் தேவையான இடத்தோடும் பணத்தோடும் பிணைப்பதும்தான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

கையிருப்பைக் கணக்கெடுங்கள்

புதிய கூட்டாளிகளைத் தேடுமுன், இதுவரை கையெழுத்தான எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காலாவதி நாள், பொறுப்பான பேராசிரியர், கடந்த மூன்று ஆண்டுகளில் சென்ற மாணவர்கள், வந்த மாணவர்கள், கூட்டாக வெளியான ஆய்வுகள், செலவான தொகை ஆகியவற்றை எழுதுங்கள். எதுவுமே எழுத முடியாத வரிகளைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அவற்றைப் புதுப்பிக்காமல் முடித்துக்கொள்வதாக, பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், மீதமுள்ளவற்றைக் கவனிக்க ஆளும் நேரமும் கிடைக்கும்.

அதே வாரத்தில் எஸ்டேட் பிரிவு நிலத்தின் பட்டா, எல்லை, ஆக்கிரமிப்பு, நிலுவையிலுள்ள வழக்குகள், விடுதி அறைகளின் நிலை, கோடையில் கிடைக்கும் தண்ணீர் ஆகியவற்றைப் பதிவு செய்யட்டும். இவ்விரு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் பல்கலைக்கழகம் உண்மையில் எத்தனை விருந்தினர்களை ஏற்க முடியும் என்பது தெரியவரும்.

கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போது, உலகத் தரவரிசையில் அவர் எத்தனையாவது என்பதைக் காட்டிலும், அவர் நம்மிடம் எதற்காக வருவார் என்ற கேள்வி முக்கியம். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குக் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கழிமுகத்தின் சதுப்புநிலக் காட்டை ஆய்வகத்துக்கு அருகிலேயே வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேடி வெளிநாட்டு ஆய்வாளர் தாமாகவே வருவார். எல்லாத் துறைகளிலும் ஒத்துழைப்போம் என்று பொதுவாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தைத் தேடி யாரும் வருவதில்லை. எனவே ஐந்தாண்டுத் திட்டத்தில் இரண்டு அல்லது மூன்று துறைகளைப் பெயர் குறிப்பிட்டு முன்னிறுத்துவதே நல்லது. விடுபட்ட துறைத் தலைவர்கள் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தத்தைக் கல்விக் குழுவில் நேரடியாகப் பேசித் தீர்க்க வேண்டுமே தவிர, எல்லாரையும் மகிழ்விக்கும் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தப்பிக்கக் கூடாது.

கோப்பு செல்ல வேண்டிய வழி

துறையில் தொடங்கும் முன்மொழிவு பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு ஆகியவற்றைக் கடந்து சிண்டிகேட்டுக்கு வர வேண்டும். இந்த வரிசை தாமதத்தை உண்டாக்குவதாகப் பலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனிக் கேள்வி உண்டு: பாடங்கள் பொருந்துகின்றனவா, பட்டத்தின் தரம் காக்கப்படுகிறதா, பணம் எங்கிருந்து வருகிறது, பல்கலைக்கழகம் சட்டப்படி இதற்குக் கட்டுப்படலாமா. இக்கேள்விகளைத் தாண்டிச் சென்று, வெளிநாட்டுக் குழு வந்திறங்கும் நாளில் அவசரமாகக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு சிண்டிகேட்டில் பின்னேற்பு பெறும் வழக்கம் ஆபத்தானது. தணிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் பதிவாளரும் நிதி அலுவலரும்தான். கையெழுத்திட்ட துணைவேந்தர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்.

தாமதத்தைக் குறைக்க முறையான வழி இருக்கிறது. கூட்டு ஒப்பந்தங்களுக்கான மாதிரி வரைவு ஒன்றைச் சட்ட ஆலோசகரைக் கொண்டு தயாரித்து, அதை சிண்டிகேட் ஒருமுறை ஏற்றுக்கொள்ளட்டும். அந்த வரைவிலிருந்து விலகாத, பணச் சுமை இல்லாத ஒப்பந்தங்களைத் துணைவேந்தர் தலைமையிலான நிலைக்குழு முடிவு செய்து, அடுத்த கூட்டத்தில் தகவலாக வைக்கலாம் என்று அதே தீர்மானத்தில் எழுதுங்கள். பட்டம், கட்டணம், நிலம், கட்டடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சம்பந்தப்பட்டால் மட்டும் முழுப் பாதையிலும் கோப்பு செல்லட்டும். உயர்கல்வித் துறைச் செயலர் சிண்டிகேட்டில் பதவிவழி உறுப்பினர் என்பதால், அரசின் கருத்தும் அங்கேயே பதிவாகிவிடும். பொருள்நிரலோடு இணைக்கும் குறிப்பில், தேவைப்படும் விடுதி அறைகள், ஆய்வக நேரம், பணியாளர் ஆகியவை பற்றி எஸ்டேட் பிரிவும் நிதி அலுவலரும் கையொப்பமிட்ட ஒரு பக்க அறிக்கை கட்டாயம் இருக்க வேண்டும். என் பார்வையில், ஒரு பல்கலைக்கழகம் ஒரேயொரு சீர்திருத்தம்தான் செய்ய முடியும் என்றால், அது இந்த ஒரு பக்க அறிக்கையாகவே இருக்க வேண்டும்.

விதிகளும் கணக்கும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் மூன்று வகைக் கூட்டுப் படிப்புகளை அனுமதிக்கின்றன. இரட்டிணைப்புப் (ட்வின்னிங்) படிப்பில் வெளிநாட்டில் பெறும் கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழகமே வழங்கும். இரு தரப்பும் சேர்ந்து ஒரே பட்டம் வழங்கும் கூட்டுப் பட்டத்தில் இரு தரப்பும் தலா 30 சதவீதமாவது கற்பிக்க வேண்டும். இரு தரப்பும் தனித்தனியே பட்டம் வழங்கும் இரட்டைப் பட்டத்தில் மாணவர் இந்திய நிறுவனத்திலிருந்து குறைந்தது 30 சதவீதக் கிரெடிட்டைப் பெற வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பிடம் 3.01 அல்லது அதற்கு மேல் பெற்ற நிறுவனமோ, தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.இன் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100 இடங்களில் வரும் நிறுவனமோ, டைம்ஸ் அல்லது க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்கும் வெளிநாட்டு நிறுவனத்துடன் முன் அனுமதியின்றி இணையலாம். மற்றவர்கள் மானியக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் வாங்கி இங்கே படிப்பை நடத்தும் உரிமக் கிளை முறைக்கு இடமில்லை.

இந்தச் சதவீதங்கள் நடைமுறையில் என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஈராண்டு முதுநிலைப் படிப்பு ஒன்றுக்கு 90 கிரெடிட் என்று கொள்வோம். ஆண்டுக்கு 45 ஆகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். எனவே அங்கே ஒரு செமஸ்டரில் 30 கிரெடிட் முடித்து வரும் மாணவருக்கு இங்கே 22 அல்லது 23 வரவு வைக்க வேண்டும். இரட்டிணைப்புப் படிப்பில் உச்சவரம்பு 27 என்பதால் ஒரு செமஸ்டர் சிக்கலின்றி அடங்கும். இரண்டாவது செமஸ்டருக்கு இடமில்லை. ஓராண்டு முழுவதும் மாணவரை அனுப்ப விரும்பினால் கூட்டுப் பட்டம் அல்லது இரட்டைப் பட்டம் என்ற வழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கிரெடிட் மாற்று அட்டவணையைப் பாடத்திட்டக் குழு பாடவாரியாக ஏற்று, தேர்வாணையரின் அலுவலகத்துக்கு மாணவர் புறப்படுமுன்பே அனுப்பிவிட வேண்டும். திரும்பி வந்தபின் மதிப்பெண் பட்டியலுக்காக மாணவர் மாதக்கணக்கில் அலைவதற்கு, அந்த அட்டவணை இல்லாததே பெரும்பாலும் காரணம்.

நாட்காட்டியும் இதே அளவு கவனத்தைக் கேட்கிறது. நம்முடைய ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன் அல்லது ஜூலையில் தொடங்கி நவம்பர் தேர்வுகளோடு முடிகிறது. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அக்டோபரில் புறப்படும் மாணவர் இங்கே பாதி செமஸ்டரை இழப்பதோடு, அங்கிருந்து திரும்பும்போது அடுத்த செமஸ்டரிலும் பாதி முடிந்திருக்கும். ஆய்வேட்டுக்கான இறுதி செமஸ்டரை வெளிநாட்டில் அமைப்பது, அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை சுருக்க வகுப்புகள் நடத்தி முன்கூட்டியே தேர்வெழுத வைப்பது என இரண்டில் ஒன்றைக் கல்விக் குழு விதியாக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கால அளவு, கட்டண விலக்கு, அறிவுசார் சொத்துரிமை, மாணவர் தரவுகளின் பாதுகாப்பு ஆகியவை இடம்பெறுவது வழக்கம். பெரும்பாலும் விடுபடுவது, ஒப்பந்தம் இடையில் முறிந்தால் நடுவில் இருக்கும் மாணவர்களின் நிலை. சேர்ந்துவிட்ட மாணவர் அணி பட்டம் பெறும்வரை இரு தரப்பும் கடமைப்பட்டவை என்று தெளிவாக எழுதுங்கள். தகராறுகளை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லும் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பது பற்றிய 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பு நாடு என்பதால், வேறொரு நாட்டின் நீதிமன்றத் தீர்ப்பைவிட நடுவர் தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது எளிது.

வருகிறவர் எங்கே தங்குவார்?

வெளிநாட்டு மாணவர்களுக்கு, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 25 சதவீதம் வரை கூடுதல் இடங்களை ஒதுக்கலாம் என்று மானியக் குழு 2022இல் வழிகாட்டியது. பரிமாற்ற ஒப்பந்தங்களின் வழியே வருபவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அதே வழிகாட்டுதல், கட்டமைப்பு வசதியையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் கருத்தில் கொண்டே நிறுவனம் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த நிபந்தனையைச் சடங்காக எண்ணாமல், வளாகத் திட்டத்தின் அடிப்படையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் இறுதியில் தேர்வுகள் முடிந்ததும் விடுதிகள் மூடப்படுகின்றன, மெஸ்ஸும் மூடப்படுகிறது. உள்ளூர் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். எத்தியோப்பியாவிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்த மாணவர் மே மாதத்தில் எங்கே சமைப்பார், எங்கே தங்குவார்? ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு தளம், அதில் பொதுச் சமையலறை, இரவில் வந்து சேர்பவருக்குக் கதவு திறக்க ஓர் ஆள், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் (2016) கேட்கும் சாய்தளமும் கழிப்பறையும் ஆகிய இவை பெரிய கட்டடத்துக்கு முன் செய்யப்பட வேண்டியவை. பழைய விடுதியின் ஒரு பகுதியைச் சீரமைத்தாலே போதும் என்ற நிலையில், புதிய பன்னாட்டு விடுதிக்கு அடிக்கல் நாட்டக் காத்திருப்பதில் பொருளில்லை. சீரமைத்த தளத்தை வெளிநாட்டினருக்கு மட்டும் ஒதுக்காமல், ஆய்வு மாணவர்களையும் அதில் சேர்த்துத் தங்கவைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

விடுதிக் காப்பாளருக்குச் சட்டக் கடமைகளும் உண்டு. வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை இணையவழியில் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டும். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர், பொதுவாக, இந்தியா வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையில் அது ஹேடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இயங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு வந்திறங்கும் மாணவருக்காகத் திங்கள்கிழமை வரை காத்திருக்க முடியாது என்பதால், இப்பொறுப்பைப் பெயரிட்ட இரண்டு பேரிடம் எழுத்து மூலம் ஒப்படையுங்கள்.

புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அனுமதிகளுக்கான காலத்தைத் திட்டத்தில் நேர்மையாகக் காட்டுங்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் (சி.எம்.டி.ஏ.), பிற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும் செல்ல வேண்டியிருக்கும். 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடப் பரப்புக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. கல்வி நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. ஒப்பந்தப்புள்ளிகள் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டவை. இடத்தின் இயல்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிவடைந்த, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தின் அருகே எதைக் கட்டினாலும் அதன் தோற்றத்தைக் காக்க வேண்டும். கோவையில் மருதமலை அடிவாரத்தை ஒட்டிய பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற வளாகங்களில் யானைகளின் நடமாட்டத்தைக் கணக்கில் கொள்ளாத வேலியும் விளக்கும் பின்னால் தொல்லையாகும்.

பணமும் ஆண்டறிக்கையும்

வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைப் பொது வருவாயில் கரைத்துவிடாமல், அதில் குறிப்பிட்ட பங்கை விடுதிப் பராமரிப்புக்கும், கட்டணம் செலுத்த இயலாத உள்ளூர் மாணவர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஒதுக்கும் தீர்மானத்தை நிதிக் குழு முதல் ஆண்டிலேயே நிறைவேற்ற வேண்டும். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி விமானச் சீட்டுக்கும் விசாக் கட்டணத்துக்கும் வழியின்றி நின்றால், பரிமாற்றம் வசதியுள்ளவர்களின் சலுகையாகவே சுருங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் பணம் வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் எப்படி நடத்தப்படும் என்பதைத் தொகை வருமுன் நிதி அலுவலர் எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும். மாணவர் செலுத்தும் கட்டணம் அந்தச் சட்டத்தின் பொருளில் நன்கொடை ஆகாது.

ஆண்டுக்கொருமுறை, நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய சிண்டிகேட் கூட்டத்தில், ஒப்பந்தப் பதிவேடும் வளாகப் பதிவேடும் ஒரே பொருளாக வைக்கப்பட வேண்டும். சென்றவர், வந்தவர், வரவு வைக்கப்பட்ட கிரெடிட், நிலுவையிலுள்ள மதிப்பெண் பட்டியல்கள், மே மாதத்தில் விடுதியில் தங்கியவர்கள், மாணவர்கள் எழுதித் தந்த குறைகள், தணிக்கைத் தடைகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். அந்த அறிக்கையைத் துணைவேந்தர் இருந்தாலும் ஒருங்கிணைப்புக் குழு இருந்தாலும் குறித்த மாதத்தில் பதிவாளர் வைத்தே ஆக வேண்டும் என்று நிலையாணையில் எழுதி, அதன் நகலைப் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடுங்கள்.