மண்டிக்காரர் எழுதுற ரூலை பைத்தான்ல ஓட்டுறது எப்படி

மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி மண்டிக்கு பில்லிங் எழுதிக் கொடுத்திருந்தா இந்த அவஸ்தை தெரியும். நான் மொத தடவ கமிஷன் கணக்கு மொத்தத்தையும் பைத்தான்ல இஃப் எல்ஸா அடுக்கிட்டேன், கூழ் ஃபேக்டரிக்கு போற பெங்களூராக்கு ஒன்னு, செந்தூராக்கு ஒன்னுன்னு, கணக்கு மாறுறப்பல்லாம் விடிகாலைல போன் வரும், "தம்பி பெங்களூராவ மட்டும் மாத்தி வுடு". தூக்கமே போச்சு.

அதனால ரூலை மட்டும் தனி டெக்ஸ்ட் ஃபைலுக்கு தூக்கிட்டேன். சும்மா உதாரணத்துக்கு:

பெங்களூரா 1000 கிலோவுக்கு மேல கமிஷன் 5
பெங்களூரா 0 கிலோவுக்கு மேல கமிஷன் 8

அவ்ளோதான் டிஎஸ்எல், ஒரே ஒரு வேலைக்குன்னு இருக்குற குட்டி மொழி. டேட்டாபேஸ்ல கேள்வி கேக்குற எஸ்க்யூஎல், எழுத்துல பேட்டர்ன் தேடுற ரெஜெக்ஸ் எல்லாம் இந்த வகைதான்.

பைத்தான் பக்கம் என்ன பண்ணணும்னா, ஃபைலை வரி வரியா படிச்சு ஸ்பேஸ்ல பிரிங்க, ஆறு வார்த்தை இருக்கா, ரெண்டாவதும் ஆறாவதும் நம்பரா, நடுவுல இருக்குற மூணும் சரியான வார்த்தையான்னு பாத்துட்டு லிஸ்ட்ல போடுங்க. பில் போடுறப்ப மேல இருந்து தேடி, மொதல்ல பொருந்துற வரியோட நிறுத்திடணும், அதான் 1000 மேல, 0 கீழ. வரிய அப்படியே இவால்ல (டெக்ஸ்டை பைத்தான் கோடா ஓட்டுற ஃபங்ஷன்) போட்டு ஓட்டுற ஆசை வரும், வேணாம், ஃபைல்ல யாரு என்ன எழுதினாலும் அது உங்க சிஸ்டத்துல ஓடும்.

தமிழ்ல எழுதுறதால சில தொல்லை இருக்கு. ரெஜெக்ஸ்ல வார்த்தை எழுத்தை புடிக்கிற பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) போட்டா புள்ளியையும் துணைக்காலையும் எழுத்தாவே எடுத்துக்காது, வார்த்தை துண்டு துண்டா ஒடையும் (பைத்தானோட சொந்த ஆர்ஈ மாட்யூல்ல). அல்போன்சால வர்ற ‘போ’வ ரெண்டு விதமா சேவ் பண்ணலாம், பாக்க ஒன்னாதான் இருக்கும், ஆனா ஈக்வல் ஆகாது, அதனால படிச்ச உடனே யூனிகோட்டேட்டா மாட்யூல் வெச்சு என்எஃப்சிங்கிற ஒரே வடிவத்துக்கு மாத்திடுங்க. பழைய நோட்பேட் ஃபைலுக்கு முன்னாடி கண்ணுக்கு தெரியாத பிஓஎம்னு ஒன்னை ஒட்டும், மொத வரி மட்டும் வேலை செய்யாது, யூடிஎஃப்-8-சிக்னு என்கோடிங் கொடுத்து தொறந்தா சரியாயிடும்.

எஸ்க்யூஎல்லுக்கும் இதே எல்லைக்கோடுதான், வெளிய இருந்து வர்ற எழுத்து கட்டளையா ஓடக்கூடாது. குவெரிய ஸ்ட்ரிங்கா ஒட்டாதீங்க, ஒரு வியாபாரி கடை பேருல ஒத்தை கொட்டேஷன் இருந்ததுக்கே என் பில் ஸ்கிரீன் படுத்துடுச்சு. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல மதிப்பு வர்ற எடத்துல கேள்விக்குறி வெச்சு மதிப்பை தனியா அனுப்புங்க. டேபிளோட காலம் (column) பேருக்கு அது செல்லாது, அதுக்கு அனுமதிச்ச பேரு லிஸ்ட் ஒன்னு வெச்சு அதுல இருக்கான்னு பாருங்க. விவசாயி வாரியா மொத்தம் வேணும்னா குவெரிலயே குரூப் பை போடுங்க, எல்லா ரோவையும் இழுத்து லூப் ஓட்டுறது வீண் வேலை.

ரூலுக்குள்ள பிராக்கெட், ஆர், ஆண்ட் வந்தா லார்க் மாதிரி பார்சர் லைப்ரரி (ரூலை பிரிச்சு அமைப்பை புரிஞ்சுக்கிறது) எடுத்துக்கலாம். லூப்பும் ஃபங்ஷனும் கேட்டாங்கன்னா சொந்த மொழிய அதுக்கு மேல வளக்காதீங்க, லுவாங்கிற ரெடிமேட் மொழிய உள்ள வெச்சிடுங்க, 1993ல பிரேசில்ல பொறந்தது, இன்னொரு புரோகிராமுக்குள்ள உக்காரத்தான் லாயக்கு.

முக்கியமா, தப்பு வந்தா வரி நம்பரோட தமிழ்லயே சொல்லணும், புது ஃபைல் முழுசா தேறலன்னா பழைய ரூலே ஓடட்டும். போன வாரம் மண்டிக்காரர் அவரே நீலம் மாங்காவுக்கு ஒரு வரி சேத்திருக்காரு, கமிஷன கமிசன்னு அடிச்சிருக்காரு, "4வது வரில தப்பு"ன்னு வந்திருக்கு, திருத்திட்டு ஓட்டிட்டாரு, எனக்கு போனே வரல.