உயிரோட இருக்கற செல்லுக்குள்ள புரோட்டீனை என்எம்ஆர்ல பாக்கறது எப்படி

என்எம்ஆர்னா அணுக்கருவோட காந்த சிக்னலை வெச்சு மூலக்கூறைப் பாக்கற முறை. முதல் தடவை பண்றவங்க ஈ.கோலை பாக்டீரியாவும் ஜிபி1 புரோட்டீனும் எடுத்துக்கோங்க. ஜிபி1 வெறும் 56 அமினோ அமிலம், குட்டி, செல்லுக்குள்ள யார்கிட்டயும் பெருசா ஒட்டாது, அதனால சிக்னல் நல்லா வரும்.

செல்லை முதல்ல சாதா எல்பி மீடியால (பாக்டீரியா வளக்கற சத்துக் கரைசல்) வளத்துட்டு, ஓடி (செல் எவ்வளவு வளந்திருக்குன்னு காட்டற கலங்கல் அளவு) 0.6-0.8 வந்ததும் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி எடுத்து, என்எம்ஆர்ல தெரியற நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடு போட்ட எம்9 மீடியால மாத்தி, அப்புறம்தான் ஐபிடிஜி (ஜிபி1 உருவாக்கத்தை முடுக்கிவிடற கெமிக்கல்) போடணும். ஆரம்பத்துலேர்ந்தே எம்9ல வளத்தா செல்லோட மத்த புரோட்டீனும் லேபிள் ஆகி பின்னணி இரைச்சல் ஏறிடும். மூணு நாலு மணி நேரம் கழிச்சு மெதுவா சென்ட்ரிஃபியூஜ் பண்ணுங்க, வேகமா சுத்தினா செல்லு உடையும். அடியில படிஞ்ச செல்லை (பெல்லட்) பஃபர்ல கெட்டியா கலக்கி, லாக்குக்கு (மெஷின் காந்தப்புலத்தை நிலையா பிடிச்சு வெக்க) 10% கனநீர் சேத்து, 5 மிமீ டியூப்ல அரை மில்லி ஊத்துங்க.

டியூப்குள்ள செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, அடியில படியவும் செய்யும், அதனால மணிக்கணக்கா ஓட்டற எக்ஸ்பெரிமென்ட் வேண்டாம், சோஃபாஸ்ட் எச்எம்கியூசிங்கற வேகமான எக்ஸ்பெரிமென்ட் போடுங்க, சில நிமிஷத்துலயே 2டி ஸ்பெக்ட்ரம் (சிக்னல் எல்லாம் புள்ளி புள்ளியா, அதாவது பீக்கா, தெரியற படம்) வந்துடும்.

இப்பதான் முக்கியமான வேலை. அழகா பீக் வந்துச்சுன்னு உடனே குஷியாகாதீங்க, அது செல்லுலேர்ந்து கசிஞ்சு வெளிய வந்த புரோட்டீனாவும் இருக்கலாம். வெளிய சுதந்திரமா சுத்தற புரோட்டீன் கொஞ்சூண்டு இருந்தாலே பளிச்சுன்னு கூர்மையா தெரியும், உள்ள இருக்கறது மங்கலா அகலமாத்தான் வரும். அதனால டியூப்லேர்ந்து எடுத்து சுத்தி, மேல நிக்கற தண்ணியை (சூப்பர்நேட்டன்ட்) மட்டும் அதே செட்டிங்ல ஓட்டிப் பாருங்க. அதுலயும் அதே பீக் அதே அளவுக்கு இருந்தா நீங்க பாத்தது செல்லை இல்ல, பஃபரை. சூப்பர்நேட்டன்ட் ஸ்பெக்ட்ரம் காட்டாத இன்-செல் டேட்டாவை நான் நம்பறதே இல்ல. ஜிபி1 ஜீன் இல்லாத காலி பிளாஸ்மிட் (செல்லுக்குள்ள ஜீனைக் கொண்டுபோற டிஎன்ஏ வளையம்) போட்ட செல்லையும் ஒரு தடவை ஓட்டுங்க, எந்த பீக் மெட்டபோலைட்னு (செல்லோட சொந்த சின்ன மூலக்கூறுன்னு) தெரிஞ்சுடும்.

பீக்கே வரலையா? புரோட்டீன் உருவாகலன்னு முடிவு கட்டாதீங்க. நல்லா மடிஞ்ச புரோட்டீன் நிறைய செல்லுக்குள்ள மத்ததோட ஒட்டிக்கிட்டு மெதுவா சுழலும், சிக்னல் அகண்டு காணாமலே போயிடும். ஆல்ஃபா சைனூக்ளின் மாதிரி மடியாம தொளதொளன்னு இருக்கறதுக்கு இந்தத் தொல்லை கம்மி. அதே பெல்லட்டை உடைச்சு ஓட்டிப் பாருங்க, அங்க பீக் முளைச்சுதுன்னா புரோட்டீன் இருந்திருக்கு, உள்ளதான் சிக்கிக்கிட்டு கிடந்திருக்கு, அப்போ ஃப்ளூரின்-19 லேபிளுக்கோ மெத்தில் லேபிளுக்கோ மாறுங்க.