மலைநாட்டு வீட்டில் பவளத் தொட்டி: கல்சியம், காரத்தன்மைக்கு எந்த முறை?

பவளம் தன் கூட்டைக் கட்டக் கல்சியத்தையும் காரத்தன்மையையும் (நீரில் கரைந்திருக்கும் காபனேட், பைகாபனேட்டின் அளவு) எடுத்துக்கொள்கிறது. அதை ஈடுகட்டும் முறையைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். எதையும் சேர்க்காமல் மூன்று நான்கு நாட்கள், தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்தால் போதும். கல்சியத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பவளம் 1 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) எடுக்கும்போது கல்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம் (லீட்டருக்கு மில்லிகிராம்)தான் இறங்கும், கடல்நீரில் இருக்கும் 420இல் அந்த 7 சாதாரண டெஸ்ட் கிட்டில் தெரியவே தெரியாது.

அத்தனை நாளும் சேர்த்து அரை டிகேஎச்கூட இறங்கவில்லையா? வாராவாரம் உப்புத் தண்ணீர் மாற்றுங்கள், வேறு ஒன்றும் வாங்க வேண்டாம்.

கடினப் பவளம் வளர ஆரம்பித்துவிட்டால், நம் பக்கத்துக்கு நான் முதலில் சொல்வது சுண்ணாம்புத் தண்ணீர்தான், கடைக்காரர்கள் கல்க்வாசர் என்பார்கள். நுவரெலியா, ஹட்டன் குளிருக்கு ஜன்னலை அடைத்தே வைக்கிறோம், வீட்டுக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்து தொட்டியின் பிஎச் இறங்கிவிடுகிறது. சுண்ணாம்புத் தண்ணீர் அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு பிஎச்சையும் ஏற்றும். சுண்ணாம்பு குளிர்ந்த நீரில்தான் கூடுதலாகக் கரையும் என்பதும் நமக்கு வசதி. ஒரு லீட்டர் ஆர்ஓ (வடிகட்டித் தூய்மையாக்கிய) தண்ணீரில் 1.5 கிராம் கல்க்வாசர் பொடி (கல்சியம் ஐதரொட்சைட்டு) கலந்து, மூடித் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 12க்கு மேல் என்பதால் கண்ணில் படக்கூடாது, தொட்டியில் மொத்தமாக ஊற்றவும் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு, தேயிலை மண்ணுக்குப் போடும் டொலமைட் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இதை ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக விடுவதால் அதுதான் இதன் எல்லை. 100 லீட்டர் தொட்டியில் நாளுக்கு 1 லீட்டர் ஆவியானால் சுமார் 1 டிகேஎச்தான் ஈடுகட்ட முடியும். அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு கரைசல் முறைக்குப் போங்கள்: 100 லீட்டருக்கு 3 கிராம் அப்பச்சோடா 1 டிகேஎச் ஏற்றும், அதற்கு ஜோடியாக 2.6 கிராம் கல்சியம் குளோரைட் டைஹைட்ரேட். பேக்கிங் பவுடர் வேறு சாமான், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒன்றாக ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும், அதனால் கொஞ்ச நேரம் விட்டு ஊற்றுங்கள். பிஎச் குறைவாகவே நிற்கிறது என்றால் அப்பச்சோடாவை ஓவனில் 150 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வாட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் எடைக் கணக்கு வாட்டுவதற்கு முன் நிறுத்ததுதான்.

கல்சியம் ரியாக்டரை (காபனீரொட்சைட்டைக் கொண்டு சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தொட்டிக்கு விடும் கருவி), பெரிய தொட்டி நிறையக் கடினப் பவளம் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். அடைத்த வீட்டில் அது காபனீரொட்சைட்டை இன்னும் கூட்டும், மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

அப்புறம் ஹீட்டர். இங்கே அது ஓயாமல் வேலை செய்கிறது, சூடான இடத்தில்தான் கல்சியம் காபனேட் முதலில் படியும். தேவை திடீரென்று கூடியதாகத் தெரிந்தால் சேர்க்கும் கரைசலைக் கூட்டாமல் ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், மக்னீசியம் 1300 பிபிஎம் பக்கத்தில் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள். பொருக்கு இருந்தால் ஹீட்டரை நிறுத்தி, ஆறவிட்டு, வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள், காரத்தன்மையை 7க்கும் 9 டிகேஎச்சுக்கும் இடையில் நிறுத்துங்கள்.