பீச்ட்ரீ ஓட்டம்: இறக்கத்திலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஜூலை 4 காலை அட்லாண்டாவில் நடக்கும் பீச்ட்ரீ ரோடு ரேஸில் முதன்முறை ஓடப்போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த கார்டியாக் ஹில் ரொம்பக் கஷ்டமா?" கஷ்டம்தான். ஆனால் அந்த மேட்டில் மூச்சிரைத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முந்தைய மைல்களிலேயே தங்கள் தெம்பைத் தீர்த்துக்கொண்டு வந்தவர்கள்.

பத்து கிலோமீட்டர் பாதையைக் கொஞ்சம் கவனியுங்கள். லெனாக்ஸ் ஸ்கொயர் அருகே கிளம்பி, பக்ஹெட் வழியாகப் பீச்ட்ரீ ஓடை வரை மொத்தத்தில் இறக்கம். ஓடையைத் தாண்டியதும், மூன்றாவது மைலை ஒட்டி, பீட்மான்ட் மருத்துவமனை வரை விடாத ஏற்றம். இதுதான் கார்டியாக் ஹில். அதோடு முடிந்தது என்று நினைத்தால் மிட்டவுன் போகும் வழியில் மேலும் சில மேடுகள். கடைசியில் 10-ஆம் தெருவில் திரும்பி, பீட்மான்ட் பூங்காவை நோக்கி இறங்கி முடியும்.

"இறக்கத்தில் வேகமாகப் போய் நேரத்தைச் சேர்த்துக்கொள்வோம், மேட்டில் செலவழிக்கலாம்" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கூட்டம், இசை, கைதட்டல், காலுக்குக் கீழே சரிவு, எல்லாம் சேர்ந்து வேகத்தைக் கூட்டும். மூச்சு வாங்காது, அதனால் தெரியவும் தெரியாது. உள்ளே இரண்டு காரியம் நடந்துகொண்டிருக்கும். ஒன்று, ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டபடியே உடம்பைத் தடுத்துப் பிடிக்கிறது. தசைநாரை அதிகம் சேதப்படுத்துவது இந்த வகை உழைப்புதான். இரண்டு, வேகம் கூடக் கூட உடம்புக்குள் சூடும் கூடுகிறது. ஜூலை மாத அட்லாண்டாப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆக, ஓடையை எட்டும்போது சோர்ந்த தொடையும் சூடேறிய உடம்பும், அங்கிருந்து ஏற்றம். முதல் மைலில் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். காலை எட்டிப் போடாமல், குதிகாலால் பிரேக் போடாமல், சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

பயிற்சியிலும் இதே கோளாறு தொடர்கிறது. ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு பிக் கிரீக் கிரீன்வேதான் ஓடுகளம். நிழலும் சமதளமுமான நல்ல பாதை, ஆனால் பீச்ட்ரீக்கு அது மட்டும் போதாது. மேடு வேண்டுமென்று ட்ரெட்மில்லில் சாய்வைக் கூட்டி ஓடுபவர்களும் உண்டு. ஏறப் பழகுவார்கள், இறங்கவே பழகுவதில்லை. ஸ்டோன் மவுண்டனைச் சுற்றி வரும் சாலை ஏற்ற இறக்கத்துக்கு அருமையான இடம். உங்கள் குடியிருப்புப் பகுதியிலேயே சரிவான தெரு இருந்தாலும் சரி. வழக்கமான மேட்டுப் பயிற்சியில் வேகமாக ஏறி, நடந்து இறங்குவோம். இந்த ஓட்டத்துக்கு முதலில் நிதானமாக ஓடி இறங்கி, அந்தக் களைப்போடு ஏறிப் பழக வேண்டும். முதல் தடவை இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கத் தொடை வலிக்கும். அதற்குப் பிறகு தசை பழகிக்கொள்கிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். எனவே ஐந்தாறு வாரம் முன்பே ஆரம்பித்து, கடைசி இரண்டு வாரத்தில் கடுமையான இறக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, "சென்னை, மதுரை வெயிலையே பார்த்தவங்க நாம" என்ற நம்பிக்கை. பிறந்த ஊர் வெயில் உடம்பில் தங்குவதில்லை. வெயிலுக்குப் பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர்மம் கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும். இந்த மாற்றங்கள் வரப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். வீடு, கார், ஆபீஸ் என ஏசியிலேயே இருந்தால் சில வாரங்களில் கரைந்தும் போகும். பொழுது விடியுமுன் மட்டும் ஓடிப் பயிற்சி எடுப்பது இங்கேதான் உதைக்கிறது. ஓட்டக்காரர்களை எழுத்திட்ட குழுக்களாகப் பிரித்து அலை அலையாக அனுப்புகிறார்கள். முதல் அலைக்கும் கடைசி அலைக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். உங்களுக்குப் பின்வரிசை எழுத்து கிடைத்திருந்தால், ஜூன் பாதியிலிருந்தே அந்த நேரத்து வெயிலில், மெதுவாக, ஓடிப் பாருங்கள். வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் பனிநிலையையும் (dew point) பாருங்கள். அது 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நேர இலக்கை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. பயிற்சி நாளில் ஒத்துக்கொண்ட வாழைப்பழமோ இரண்டு இட்லியோ அன்றைக்கும் போதும். பயந்துபோய் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

நடந்தால் கேவலம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1970-இல் 110 பேர் ஓடிய முதல் பீச்ட்ரீயில் ஆண்கள் பிரிவில் வென்றவர் ஜெஃப் காலவே. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்ற முறையைப் பின்னாளில் உலகெங்கும் பரப்பியவரும் அவரேதான். கார்டியாக் ஹில்லில் இடையிடையே ஒரு நிமிடம் நடப்பதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். முதுகுத்தண்டுக் காயத்துக்குச் சிகிச்சை பெறும் ஷெப்பர்ட் சென்டர் நோயாளிகள் சக்கர நாற்காலியில் வந்து, மேட்டின் உச்சியருகே உங்களுக்காகக் கை தட்டுவார்கள். அவர்களை நிமிர்ந்து பார்த்துக் கையசைக்கத் தெம்பு மிஞ்ச வேண்டாமா?

கடைசித் தவறு டி-ஷர்ட் ஆசை. எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் அது கிடைக்கும் என்பதால், தள்ளாடிக்கொண்டே இழுத்துப் பிடித்து ஓடுபவர்கள் இருக்கிறார்கள். வெயிலிலும் உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தால், தலை சுற்றினால், உடனே நின்று நிழலுக்குப் போங்கள். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ திசை தெரியாமல் நடந்தாலோ அது வெப்பத்தாக்குதலாக இருக்கலாம். மருத்துவக் குழுவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, அவர்கள் வரும்வரை காத்திராமல், கையில் கிடைக்கும் ஐஸையும் தண்ணீரையும் அவர் உடம்பு முழுக்கக் கொட்டுங்கள்.